டிரைவ்ஷாஃப்டுக்கு எந்தப் பொருள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேகத்துக்காகக் காரை மாற்றியமைப்பவர்கள் எஞ்சினுக்கும் டயருக்கும் செலவழித்து முடித்த பிறகுதான், எஞ்சினின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ்ஷாஃப்டைத் திரும்பிப் பார்க்கிறார்கள். அப்போது எழும் சந்தேகங்கள் ஆளுக்கு ஆள் பெரிதாக மாறுவதில்லை. கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முன்னால் வருகின்றன, சிக்கலானவை பின்னால்.

கணக்கு வரும் இடங்களில் எல்லாம் ஒரே மாதிரிக் காரை வைத்துக்கொள்வோம். எஞ்சின் முன்னால், இயங்கும் சக்கரங்கள் பின்னால். எஞ்சினின் முறுக்குவிசை 500 நியூட்டன் மீட்டர். முதல் கியர் விகிதம் 3.5, டிஃபரன்ஷியல் (இரண்டு பின் சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) விகிதம் 3.7, டயரின் ஆரம் 32 செ.மீ., நீள ஷாஃப்ட் 1.5 மீட்டர். உங்கள் காரின் எண்களைப் போட்டு நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

1. டிரைவ்ஷாஃப்ட் என்று எதைச் சொல்கிறீர்கள்? காருக்கு அடியில் நீளமாகப் போவதையா, சக்கரத்துக்குப் போவதையா?

இரண்டையும்தான் அப்படிச் சொல்கிறார்கள், குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது. கியர்பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்குப் போகும் நீளமான குழாயை இங்கே நீள ஷாஃப்ட் என்கிறேன். டிஃபரன்ஷியலிலிருந்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் போகும் கட்டையான தண்டு அரை ஷாஃப்ட்.

இரண்டும் ஒரே சக்தியைத்தான் கடத்துகின்றன. ஆனால் அவற்றின் கஷ்டங்கள் வேறு. நீள ஷாஃப்டுக்குப் பகை சுழலும் வேகம், அரை ஷாஃப்டுக்குப் பகை முறுக்கு. ஒன்றுக்குப் பொருத்தமான பொருளை மற்றொன்றுக்கும் கேட்டால் பதில் தவறாகத்தான் வரும். கேள்வி 15 வரை நீள ஷாஃப்டைப் பற்றியே பேசுகிறேன்.

2. சுற்றி வளைக்காமல் ஒரு பெயர் சொல்லுங்கள் சார், எது நல்லது?

ஷாஃப்ட் நீளம் குறைவு, காரும் மணிக்கு 150 கி.மீ.க்குமேல் அபூர்வமாகவே போகும் என்றால் சாதாரண எஃகுக் குழாய் போதும். நீளம் அதிகம், வேகமும் வேண்டும், அடியில் தடித்த குழாய்க்கு இடமும் இருக்கிறது என்றால் அலுமினியம். நீளமும் வேகமும் அதிகமாக இருந்து, தடித்த குழாய்க்கு இடம் இல்லாமல், பணமும் இருந்தால் கார்பன் ஃபைபர். இழுவைப் பந்தயத்தில் ஒட்டும் டயரோடு கிளட்சைச் சட்டென்று விடுபவர் குரோமாலி எஃகைப் (கேள்வி 6) பார்க்கலாம்.

கவனித்தீர்களா? ஒவ்வொரு வரியிலும் நீளமும் வேகமும் இடமும் முதலில் வந்தன, பொருளின் பெயர் கடைசியில்தான் வந்தது. அந்த மூன்றையும் அளக்காமல் யாராவது பெயர் சொன்னால், அவர் கையில் என்ன சரக்கு இருக்கிறதோ அதைச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

3. 'கிரிட்டிக்கல் ஸ்பீட்' என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்களே, அது என்ன?

எந்தக் குழாயும் இரண்டு முனைகளில் தாங்கி நிற்கும்போது நடுவில் மேலும் கீழும் அதிர்வதற்கென்று தனக்கே உரிய ஒரு அலைவெண் வைத்திருக்கும். ஷாஃப்ட் சுழலும் வேகம் அந்த அலைவெண்ணைத் தொட்டால், துளி சமநிலைக் குறை இருந்தாலும் நடுப்பகுதி வெளியே வளையத் தொடங்கும். வளைந்தால் சமநிலைக் குறை கூடும், கூடினால் இன்னும் வளையும். சில நொடிகளில் குழாய் மடங்கிப்போகும். இந்த வேகத்தை இனி அபாய வேகம் என்கிறேன்.

அதைத் தீர்மானிப்பவை மூன்று: நீளம், குழாயின் விட்டம், பொருளின் விறைப்புக்கும் அடர்த்திக்கும் உள்ள விகிதம். இவற்றில் நீளம் ராஜா. நீளத்தின் இருமடிக்கு எதிராக அபாய வேகம் மாறுகிறது. 1.5 மீட்டர் ஷாஃப்டை 1.2 மீட்டராக்கினால் அபாய வேகம் ஒன்றரை மடங்குக்கும் மேலே போய்விடும். விட்டம் நேர் விகிதத்தில் உதவும். பொருளின் விகிதத்துக்கு வர்க்கமூலம்தான் கணக்கில் சேரும். ஆகையால் பொருளை மாற்றுவது மூன்றிலும் பலவீனமான ஆயுதம்.

நம் மாதிரிக் காரில் 76 மி.மீ. விட்டமும் 2.1 மி.மீ. சுவரும் உள்ள எஃகுக் குழாய் போட்டால், ஏட்டுக் கணக்குப்படி அபாய வேகம் நிமிடத்துக்குச் சுமார் 5,600 சுற்று. நிஜத்தில் முனைகளில் உள்ள மடங்கும் இணைப்புகளான யுனிவர்சல் ஜாயிண்ட்களின் எடை, கியர்பாக்ஸ் தாங்கியின் தளர்வு எல்லாம் சேர்ந்து அதைக் கீழே இழுக்கும். ஆகவே கணக்கில் வந்ததன் 75 சதவீதத்துக்கு மேல் ஓட்டாமல் இருப்பது நல்ல வழக்கம். இங்கே அது 4,200.

4. என் எஞ்சின் 6,500 சுற்றுக்கு மேல் போவதே இல்லை. அப்படியானால் ஷாஃப்டும் அதற்கு மேல் சுற்றாது அல்லவா?

சுற்றும். டாப் கியர் ஓவர்டிரைவாக இருந்தால் ஷாஃப்ட் எஞ்சினைவிட வேகமாகச் சுழலும். எஞ்சின் மீட்டரை மறந்துவிட்டுக் காரின் வேகத்திலிருந்து கணக்குப் போடுங்கள். டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.01 மீட்டர் உருள்கிறது. மணிக்கு 100 கி.மீ. என்றால் நிமிடத்துக்கு 1,667 மீட்டர், அதாவது சக்கரம் 829 சுற்று. அதை 3.7ஆல் பெருக்கினால் ஷாஃப்டின் வேகம் சுமார் 3,070. எந்தக் கியரில் போகிறீர்கள் என்பது இதில் வரவே வராது.

இந்தக் கணக்குப்படி, முந்தைய பதிலில் சொன்ன 4,200 சுற்று மணிக்கு 137 கி.மீ.யிலேயே வந்துவிடுகிறது. 250 கி.மீ. போக ஆசைப்பட்டால் ஷாஃப்ட் 7,670 சுற்று சுழல வேண்டும். முடுக்கத்துக்காக டிஃபரன்ஷியல் விகிதத்தை 3.7இலிருந்து 4.1க்கு மாற்றுபவர்கள், அதே வேகத்தில் ஷாஃப்டையும் பதினொரு சதவீதம் கூடுதலாகச் சுழற்றுகிறார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

5. அலுமினியம் எஃகைவிட இலகு. அதனால் அதன் அபாய வேகமும் அதிகம், சரிதானே?

இல்லை. இதை நம்பாதவர்களே இல்லை என்று சொல்லலாம், அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம். அலுமினியத்தின் அடர்த்தி எஃகின் மூன்றில் ஒரு பங்கு. அதன் விறைப்பும் எஃகின் மூன்றில் ஒரு பங்குதான். இரண்டையும் வகுத்தால் கிடைக்கும் விகிதம் எஃகுக்கும் அலுமினியத்துக்கும் ஏறக்குறைய ஒன்றே. ஒரே நீளம், ஒரே விட்டம் உள்ள எஃகுக் குழாயையும் அலுமினியக் குழாயையும் பக்கத்தில் வைத்தால் அபாய வேகத்தில் ஒன்றிரண்டு சதவீத வித்தியாசம்கூடத் தேறாது.

பிறகு அலுமினிய ஷாஃப்ட் ஏன் வேகம் தாங்குகிறது? அது தடிமனாக இருப்பதால். எஃகில் 76 மி.மீ. குழாய் போட்ட இடத்தில் அலுமினியத்தில் 89 அல்லது 102 மி.மீ. போட்டாலும் மொத்த எடை குறைவாகவே இருக்கும். மாதிரிக் காரில் 3.2 மி.மீ. சுவருள்ள 89 மி.மீ. அலுமினியக் குழாய்க்கு அபாய வேகம் சுமார் 6,400. அதையே 102 மி.மீ. ஆக்கினால் 7,400. எஃகிலும் 102 மி.மீ. குழாய் போடலாம், அபாய வேகமும் அதே அளவு ஏறும். ஆனால் எடையும் கூடி, சமநிலைப்படுத்துவதும் கடினமாகும்.

எனவே அலுமினியம் வாங்கும் முன் காருக்கு அடியில் படுத்து அளந்து பாருங்கள். புகைக் குழாய், கைபிரேக் கேபிள், தரைச் சுரங்கத்தின் சுவர், சஸ்பென்ஷன் முழுதாக அழுந்தும்போது ஷாஃப்ட் ஏறும் உயரம் எல்லாம் கழிந்த பிறகு 102 மி.மீ. குழாய்க்கு இடம் மிஞ்சுகிறதா? மிஞ்சாமல் 76 மி.மீ. அலுமினியம்தான் நுழையும் என்றால், நீங்கள் வாங்குவது எடைக் குறைப்பு மட்டுமே. வேகம் அதோடு வராது.

6. குரோமாலி போட்டால் அபாய வேகம் கூடும் என்று லேத் பட்டறையில் சொன்னார்கள். உண்மையா?

கூடாது. குரோமாலி என்பது குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு, பெரும்பாலும் 4130 வகை. கலவை எஃகின் வலிமையை மாற்றும், விறைப்பை மாற்றாது. மலிவான எஃகும் விலையுயர்ந்த எஃகும் ஒரே சுமைக்கு ஒரே அளவுதான் வளையும். நிரந்தரமாகக் கோணிப்போகும் இடம்தான் வேறு. அபாய வேகத்துக்கு விறைப்பும் அடர்த்தியும்தான் கணக்கு என்பதால் குரோமாலி அங்கே ஒரு சுற்றுகூடச் சேர்க்காது.

இன்னொன்றும் உண்டு. வெப்பப் பதம் ஏற்றாமல் நார்மலைஸ் மட்டும் செய்த (சூடாக்கிக் காற்றில் ஆறவிட்ட) 4130 குழாய்க்கும், உள்ளே தண்டு வைத்து இழுத்துச் செய்யும் நல்ல டி.ஓ.எம். எஃகுக் குழாய்க்கும் வலிமையில் பெரிய இடைவெளி கிடையாது. 'குரோமாலி' என்று ஸ்டிக்கர் ஒட்டி இரட்டை விலை சொன்னால், பதம் ஏற்றியதா என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வரும் வேகத்திலேயே விஷயம் தெரிந்துவிடும்.

7. இலகுவான ஷாஃப்ட் போட்டால் சக்கரத்தில் பத்துக் குதிரைத்திறன் கூடுகிறதாமே?

கூடாது. ஷாஃப்ட் சக்தியை உண்டாக்குவதில்லை, சீரான வேகத்தில் அதன் எடை சக்தியைத் தின்பதும் இல்லை. முடுக்கும்போது மட்டும் அதைச் சுழற்றிவிடக் கொஞ்சம் சக்தி போகிறது. அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று பார்க்கலாம்.

கேள்வி 3இல் சொன்ன எஃகுக் குழாயின் எடை சுமார் 5.75 கிலோ. கேள்வி 5இல் வந்த 89 மி.மீ. அலுமினியக் குழாய் சுமார் 3.5 கிலோ. சுழல்வதற்கு எதிர்ப்பு காட்டுவதில் எடையைவிட ஆரத்துக்குத்தான் செல்வாக்கு, ஏனெனில் ஆரம் இருமடியாகச் சேரும். ஷாஃப்டின் ஆரமோ வெறும் நாலு செ.மீ. அது சக்கரத்தைவிட 3.7 மடங்கு வேகமாகச் சுழல்வதையும் கணக்கில் சேர்த்தால், எஃகுக் குழாயின் மொத்தச் சுழற்சி எதிர்ப்பும் காரில் சுமார் ஒரு கிலோ கூடுதல் எடை வைத்ததற்குச் சமம். அலுமினியத்துக்கு மாறினால் அதில் மிச்சமாவது சுமார் 200 கிராம். எடைக் குறைவு 2.25 கிலோவையும் சேர்த்தால் மொத்த லாபம் இரண்டரைக் கிலோ. டேங்கில் மூன்று லிட்டர் பெட்ரோல் குறைவாக ஊற்றினால் கிடைப்பதும் அதுதான்.

டைனோவில் (சக்கரத்துக்கு வரும் சக்தியை அளக்கும் கருவி) கூடுதலாகக் காட்டியது என்பவர்களும் உண்டு. டயரின் சூடும் காரைக் கட்டிய பட்டையின் இறுக்கமும் மாறினாலே இரண்டு ஓட்டங்களுக்கு இடையில் அந்த அளவு வித்தியாசம் வரும். இலகுவான ஷாஃப்டால் நிஜமாகக் கிடைப்பது வேறு: சமநிலைக் குறையால் எழும் விசை குறைகிறது, கியர்பாக்ஸின் பின் பேரிங்கும் டிஃபரன்ஷியலின் முன் பேரிங்கும் நிம்மதியாக இருக்கின்றன. அதற்காக வாங்கினால் பணம் வீணில்லை.

8. 500 நியூட்டன் மீட்டருக்கு அலுமினியம் முறுக்கிக்கொண்டு போய்விடாதா?

முதல் கியரில் ஷாஃப்டுக்கு வருவது 500 அல்ல, 3.5ஆல் பெருக்கி 1,750 நியூட்டன் மீட்டர். அப்படியும் 89 மி.மீ. அலுமினியக் குழாயில் ஏறும் தகைவு (ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் தாங்கும் விசை) 47 மெகாபாஸ்கல்தான். 6061-டி6 அலுமினியம் முறுக்கில் சுமார் 160 வரை தாங்கும். ஆகக் குழாயின் நடுப்பகுதியைப் பற்றிக் கவலை இல்லை.

கவலைப்பட வேண்டிய இடம் வெல்டிங். டி6 என்பது வெப்பப் பதம். பற்றவைத்த சூட்டில் தையலை ஒட்டிய பட்டையில் அந்தப் பதம் இறங்கிவிடும், வலிமை ஏறத்தாழப் பாதியாகும். நல்ல தயாரிப்பாளர்கள் அந்த இடத்தில் சுவரைத் தடிப்பாக வைப்பார்கள், அல்லது பற்றவைத்த பிறகு மறுபடி பதம் ஏற்றுவார்கள். மேலும் எஃகில் ஓர் அளவுக்குக் கீழே எத்தனை முறை முறுக்கினாலும் களைப்பு (திரும்பத் திரும்ப வரும் சுமையால் உலோகம் பலவீனமாவது) சேராது. அலுமினியத்தில் அப்படிப்பட்ட அளவே கிடையாது, ஒவ்வொரு அதிர்ச்சியும் கணக்கில் சேர்ந்துகொண்டே வரும்.

டயரையும் மறக்க வேண்டாம். பின் சக்கரங்களின் மேல் 900 கிலோ, டயருக்கும் தரைக்கும் இடையே பிடிப்பு எண் 1.2 என்றால், ஷாஃப்டில் சுமார் 915 நியூட்டன் மீட்டருக்கு மேல் போகும்போது டயர் வழுக்கிவிடும். சாலை டயரோடு இருக்கும் வரை டயர்தான் ஷாஃப்டின் காவலாளி. பிடிப்பு எண் 2ஐ எட்டும் இழுவைப் பந்தய டயரும், பின்னால் சாயும் 1,200 கிலோவும் வந்தால் அந்த எல்லை 2,000ஐத் தாண்டும். அப்போது கியர்பாக்ஸ் தருவதை எல்லாம் ஷாஃப்ட்தான் வாங்கிக்கொள்ள வேண்டும், கிளட்சை விடும்போது ஃப்ளைவீல் (எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரம்) தரும் உதை தனி.

9. கார்பன் ஃபைபருக்கு அத்தனை விலை கொடுக்கலாமா?

கேள்வி 5இல் சொன்ன விகிதத்தில் உலோகங்களை விட்டு எழும்புவது கார்பன் மட்டும்தான். பாதிக்குமேல் இழைகளை முறுக்குக்காகச் சாய்த்துச் சுற்றிய சாதாரணக் கார்பன் குழாய்க்கும் அபாய வேகம் எஃகைவிட நாற்பது சதவீதம் அளவுக்குக் கூடும். மாதிரிக் காரில் 89 மி.மீ. கார்பன் குழாய் 9,000 சுற்றுக்கு வரும், குழாயின் எடை இரண்டு கிலோ. அதே விட்டத்தில் அலுமினியம் 6,400 என்பதை நினைவில் வையுங்கள். இடம் இல்லாத காரில், நீள ஷாஃப்டை ஒரே துண்டாகப் போட வேண்டும் என்றால் கார்பனுக்கு மாற்று இல்லை.

ஆனால் கார்பன் என்று பெயர் சொன்னால் போதாது, இழை எந்தக் கோணத்தில் படிந்திருக்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. 45 பாகையில் சுற்றிய இழை முறுக்கைத் தாங்கும், நீளவாட்டில் ஓடும் இழை வளையாமல் காக்கும். முறுக்குக்காக மட்டும் சுற்றிய குழாய் வலுவாக இருந்தும் அபாய வேகத்தில் ஏமாற்றும். தயாரிப்பாளரிடம் உங்கள் நீளத்துக்கான அபாய வேகத்தை எழுத்தில் கேளுங்கள். அதைக் கொடுக்க மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

10. கல் பட்டால் கார்பன் நொறுங்கிவிடும் என்று பயமாக இருக்கிறதே?

பயம் நியாயமானதே, ஆனால் நொறுங்குவதல்ல விஷயம். பலமான அடி விழுந்தால் உள்ளே அடுக்குகள் பிரிந்துவிடும், வெளியே ஒரு சின்னக் கீறல் மட்டும் தெரியும். எஃகில் நசுங்கல் கண்ணுக்குத் தெரியும், கார்பனில் தெரியாது. காரை உயர்த்தும்போதெல்லாம் ஒரு நாணயத்தால் குழாய் நெடுகத் தட்டிப் பாருங்கள். நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும், பிரிந்த இடத்தில் மொத்தையாகக் கேட்கும். சந்தேகம் வந்தால் கழற்றிவிடுங்கள், ஒட்டுப் போட்டு ஓட்டும் பொருள் அல்ல அது.

இரண்டாவது பகை சூடு. இழைகளைப் பிணைக்கும் எப்பாக்ஸி பிசின் அதிகச் சூட்டில் இளகும். புகைக் குழாய் ஷாஃப்டை உரசிக்கொண்டு போகும் கார்களில் வெப்பத் தடுப்புத் தகடு கட்டாயம். மூன்றாவது, முனையில் உலோகத்தோடு ஒட்டும் இடம். கார்பனும் அலுமினியமும் ஈரத்தில் நேராகத் தொட்டுக்கொண்டால் அலுமினியம் அரித்துப் போகும், இடையில் கண்ணாடி இழை அடுக்கு இருக்கிறதா என்று கேளுங்கள்.

உடையும் விதத்தில் கார்பனுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. எஃகு ஷாஃப்ட் முன்னால் கழன்றால் இரும்புத் தடியாகத் தரையைக் குத்தும், காரின் தளத்தையும் கிழிக்கும். கார்பன் பெரும்பாலும் துடைப்பமாகப் பிரிந்து இழை இழையாகக் கிழிந்துபோகும்.

11. டைட்டானியம்?

விறைப்புக்கும் அடர்த்திக்கும் உள்ள விகிதம் எஃகு, அலுமினியம் போலவே. எனவே வேகத்தில் லாபம் இல்லை. விலையும் வெல்டிங் தொல்லையும் மட்டும் கூடும். நீள ஷாஃப்டுக்கு வேண்டாம்.

12. என் காரில் இரண்டு துண்டு ஷாஃப்ட், நடுவில் பேரிங். அதை எடுத்துவிட்டு ஒரே துண்டு அலுமினியம் போடலாமா?

தொழிற்சாலை இரண்டு துண்டாக வைத்ததற்குக் காரணம் கேள்வி 3இல் இருக்கிறது. நீளம் பாதியானால் அபாய வேகம் நாலு மடங்கு. மெல்லிய, மலிவான எஃகுக் குழாயிலேயே வேலை முடிந்துவிடும், சத்தமும் குறையும். நடு பேரிங்கின் ரப்பர் தேய்வதும், மூன்றாவது ஜாயிண்ட் கூடுவதும்தான் அதன் குறை.

ஒரே துண்டாக்கினால் நீளம் மறுபடி முழுதாகிறது. உங்கள் உச்ச வேகத்தை கேள்வி 4இன் கணக்கில் போட்டு, வரும் சுற்று எண்ணிக்கை புதிய ஷாஃப்டின் அபாய வேகத்தில் 75 சதவீதத்துக்குள் இருந்தால் தாராளமாகப் போடுங்கள். 102 மி.மீ. அலுமினியத்தில் மாதிரிக் காருக்கு அந்த எல்லை மணிக்கு 180 கி.மீ. கால் மைல் பந்தயம் ஓடுபவருக்கு அது போதலாம். நீண்ட நேர்பாதை உள்ள பந்தயத் தடத்தில் ஓடுபவர் இரண்டு துண்டையே வைத்துக்கொள்ளட்டும், அல்லது கார்பனுக்குப் போகட்டும்.

13. பெரிய கம்பெனிகளே கார்பன் போடுகின்றன என்றால் அதுதானே சிறந்தது?

போடுகின்றன. 2007இல் வந்த நிசான் ஜிடி-ஆர், 2014இன் பிஎம்டபிள்யூ எம்3, எம்4 ஆகியவற்றில் கார்பன் ஷாஃப்ட் இருந்தது. பிஎம்டபிள்யூவில் அது ஒரே துண்டு, நடு பேரிங் இல்லை.

ஆனால் அதே பிஎம்டபிள்யூ 2017இல் எம்3, எம்4 கார்களில் கார்பனை எடுத்துவிட்டு எஃகுக்குத் திரும்பியது. கார்பன் உடைந்ததால் அல்ல. புகை விதிகளுக்காகப் பெட்ரோல் துகள் வடிகட்டி பொருத்த இடம் தேவைப்பட்டது, தடித்த கார்பன் குழாய் குறுக்கே நின்றது. ஒரு ஷாஃப்டின் பொருளைப் புகைக் குழாய் தீர்மானித்த கதை இது. உங்கள் காரிலும் அப்படி நடக்கலாம்.

14. புது ஷாஃப்ட், பேலன்ஸ் செய்தது. ஆனாலும் 90 கி.மீ.யில் ஒரு அதிர்வு வருகிறது, 110இல் போய்விடுகிறது. என்ன காரணம்?

யுனிவர்சல் ஜாயிண்ட் சாய்ந்து சுழலும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். ஆகவே ஷாஃப்ட் அபாய வேகத்தின் பாதியில் சுழலும்போதே அந்த இரட்டைத் துடிப்பு குழாயின் அலைவெண்ணைத் தொட்டுவிடும். மாதிரிக் காரின் எஃகு ஷாஃப்டில் பாதி என்பது 2,800 சுற்று. கேள்வி 4இன் கணக்கில் அது மணிக்கு 91 கி.மீ. நீங்கள் சொன்ன அறிகுறி அச்சாக அதுவே.

இதற்குப் பொருளை மாற்ற வேண்டாம், பேலன்ஸும் உதவாது. கோணத்தைப் பாருங்கள். முன் ஜாயிண்ட், பின் ஜாயிண்ட் இரண்டின் கோணமும் சமமாக இருக்க வேண்டும், ஒன்று முதல் மூன்று பாகைக்குள் இருப்பது நல்லது. இரண்டு முனைகளின் யோக்குகளும் (ஜாயிண்டைப் பிடிக்கும் கவைகள்) ஒரே தளத்தில் இருக்க வேண்டும். காரைத் தாழ்த்தியவர்கள் இந்தக் கோணத்தைக் கலைத்துவிட்டுக் குழாயைத் திட்டுகிறார்கள். கோணத்தைச் சுழியாக்குவதும் தவறு. ஜாயிண்டின் பேரிங்கில் உள்ள ஊசி உருளைகள் உருளாமல் ஒரே இடத்தில் நின்று குழி போட்டுவிடும்.

15. குழாய் உடைவதைவிட ஜாயிண்ட் உடைவதைத்தான் அதிகம் பார்க்கிறேன். நான் பார்ப்பது சரியா?

மிகச் சரி. ஜாயிண்டின் நடுவில் உள்ள சிலுவை வடிவத் துண்டும் அதன் நாலு முனைகளை மூடும் தொப்பிகளும்தான் முறுக்கு குவியும் இடம். 1310 வரிசை ஜாயிண்டில் தொப்பியின் விட்டம் 27 மி.மீ., 1350இல் 30 மி.மீ. எண்ணுக்கு வித்தியாசம் சிறிது. ஆனால் 1350இன் சிலுவை அகலமும் அதிகம் என்பதால் தாங்கும் திறன் நன்றாகவே கூடும். கிரீஸ் ஏற்றத் துளையிட்ட சிலுவையைவிடத் துளையில்லாத முழுச் சிலுவை வலுவானது. பட்ஜெட் குறைவு என்றால் எஃகுக் குழாயை வைத்துக்கொண்டு ஜாயிண்டை உயர்த்துங்கள். கார்பன் குழாயில் 1310 ஜாயிண்ட் மாட்டியவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

பேலன்ஸ் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேகமான கார்களுக்கு ஜி16 என்ற சமநிலைத் தரத்தைக் கேளுங்கள். ஆறு கிலோ ஷாஃப்டை 6,000 சுற்றுக்குச் சமநிலைப்படுத்தினால் ஒவ்வொரு முனையிலும் குழாயின் பரப்பில் மிஞ்சலாம் என்று அது அனுமதிப்பது இரண்டு கிராம். குழாயின் மேல் ஒட்டிய சேறு அதைவிட அதிகம் இருக்கும், அதனால் அதிர்வு என்று வருபவரிடம் முதலில் கழுவிவிட்டு வரச் சொல்கிறேன்.

16. இனி அரை ஷாஃப்ட். அதற்கும் அலுமினியமோ கார்பனோ ஏன் போடுவதில்லை?

கேள்வி 1இல் சொன்னபடி அதன் பகை முறுக்கு. 1,750 நியூட்டன் மீட்டர் டிஃபரன்ஷியலில் 3.7ஆல் பெருகி இரண்டாகப் பிரிந்தால் ஒவ்வொரு அரை ஷாஃப்டுக்கும் 3,240 அளவு வரும். 28 மி.மீ. கட்டைத் தண்டில் அதன் தகைவு 750 மெகாபாஸ்கல். கேள்வி 8இல் நீள ஷாஃப்டுக்கு 47 என்று வந்ததை ஒப்பிடுங்கள். சாலை டயர் வழுக்கி மிச்சப்படுத்தினாலும் 390 வரும். அலுமினியம் இந்தப் பக்கமே வர முடியாது. ஜாயிண்டின் உட்பகுதியும் ஸ்பிளைனும் (தண்டின் முனையில் வெட்டிய பற்கள்) விட்டத்தைக் கட்டுப்படுத்துவதால் குழாயைத் தடிக்கவைக்கவும் இடமில்லை.

ஆகவே இங்கே எஃகின் தரம்தான் பேச்சு. பதம் ஏற்றிய 4340 வகை எஃகு ஒரு நல்ல தொடக்கம். அதற்கு மேல் 300எம். அது 4340இல் சிலிக்கானும் வனேடியமும் சேர்த்த எஃகு, விமானங்களின் தரையிறங்கு கால்களுக்குப் பயன்படுவது. இழுவலிமை 1,900 மெகாபாஸ்கலைத் தாண்டும். குரோமாலி நீள ஷாஃப்டில் வீணாகலாம், உயர்ந்த எஃகு அரை ஷாஃப்டில் ஒருபோதும் வீணாகாது.

17. 300எம் போட்டுவிட்டால் பிறகு உடையவே உடையாதா?

அது உடையாவிட்டால் வேறு ஏதோ உடையும். அரை ஷாஃப்ட் மலிவு, மாற்றுவதும் எளிது. டிஃபரன்ஷியலின் பல்லும் கியர்பாக்ஸும் அப்படியல்ல. தொடரில் எதை முதலில் இழக்கத் தயார் என்று முடிவு செய்துவிட்டு வலுவூட்டுங்கள்.

300எம் கீறலைப் பொறுக்காது. இவ்வளவு வலுவான எஃகில் மேற்பரப்பில் ஒரு சிறு கோடு விழுந்தாலும் விரிசல் அங்கிருந்து கிளம்பும். சுத்தியலால் தட்டிப் பொருத்துவது, எண் பொறிப்பது, துருவோடு ஓட்டுவது எல்லாம் அதற்கு எமன். எஃகுக் குண்டுகள் தெறிக்கவிட்டு மேற்பரப்பை இறுக்கியதாகப் பார்த்து வாங்குங்கள்.

18. கிளம்பும்போது பின் சக்கரங்கள் தடதடவென்று துள்ளுகின்றன. விறைப்பான ஷாஃப்ட் போட்டால் நிற்குமா?

நீள ஷாஃப்டால் நிற்காது. 1,750 நியூட்டன் மீட்டருக்கு மாதிரிக் காரின் எஃகு நீள ஷாஃப்ட் மூன்று பாகைக்கும் குறைவாகவே முறுகும். 60 செ.மீ. நீளமுள்ள 28 மி.மீ. அரை ஷாஃப்ட், சாலை டயர் அனுமதிக்கும் அளவுக்கே 12 பாகை முறுகும். டயர் பிடித்து விட்டு பிடிக்கும்போது அந்தப் பன்னிரண்டு பாகை திரும்பித் திரும்பி விடுபடுவதில்தான் துள்ளல் வளர்கிறது.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் துடித்தால் துள்ளல் ஒன்றையொன்று ஊட்டும். ஒரு பக்கத்தைத் தடித்தும் மறுபக்கத்தை மெலிந்தும் வைத்தால் தாளம் தப்பி அடங்கிவிடும். 2009இன் கேடிலாக் சிடிஎஸ்-வி காரில் இப்படி வெவ்வேறு தடிமனுள்ள அரை ஷாஃப்ட்களையே வைத்தார்கள். முன்சக்கர இயக்கக் காரில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். அங்கே இடது, வலது விறைப்பு ஒத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும்.

19. கார்பன் பாதுகாப்பாகக் கிழியும் என்றீர்களே, அப்படியானால் பாதுகாப்பு வளையம் வேண்டாம்தானே?

வேண்டும். கேள்வி 10இல் சொன்னது குழாயைப் பற்றி. ஜாயிண்ட் உடைந்தால் உலோக முனையோடு சேர்ந்து முழுக் குழாயும் கீழே விழும். வளையம் முன் ஜாயிண்டிலிருந்து 15 செ.மீ.க்குள், எஃகில், ஷாஃப்டை முழுவதும் சுற்றி இருக்க வேண்டும். ஷாஃப்ட் முன்னால் கழன்று தரையில் ஊன்றினால் கார் பின்பக்கம் தூக்கும். பின்னால் கழன்றால் அவ்வளவு ஆபத்தில்லை, இழுபட்டுக்கொண்டு வரும்.

20. சரி, ஆர்டர் கொடுக்கப் போகிறேன். என்னென்ன அளந்துகொண்டு போக வேண்டும்?

காரைத் தூக்கியில் தொங்கவிட்டு அளக்காதீர்கள். சக்கரங்கள் தரையில் ஊன்றி, சஸ்பென்ஷன் சுமையோடு இருக்கும் நிலையில் அளக்க வேண்டும். கியர்பாக்ஸின் எண்ணெய்ச் சீல் முகத்திலிருந்து பின் ஜாயிண்டின் மையம் வரை உள்ள நீளம், இரண்டு முனைகளின் கோணம், சுரங்கத்தில் மிகக் குறுகிய இடத்தின் அகலம், புகைக் குழாய்க்கும் ஷாஃப்டுக்கும் உள்ள இடைவெளி ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். உச்ச வேகம், டயர் அளவு, டிஃபரன்ஷியல் விகிதம், டயரின் வகை ஆகியவற்றையும் சொல்லுங்கள்.

கியர்பாக்ஸுக்குள் நழுவும் யோக் முழுதாக உள்ளே போன நிலையிலிருந்து 20 முதல் 25 மி.மீ. வெளியே இழுத்து, அந்த இடத்தை வைத்து நீளத்தைச் சொல்லுங்கள். அந்த இடைவெளி இல்லாவிட்டால் சஸ்பென்ஷன் அழுந்தும்போது ஷாஃப்ட் கியர்பாக்ஸின் பின்பக்கத்தை இடிக்கும், பேரிங்தான் முதலில் போகும்.